சீக்யூ சீக்யூ… கம்பத்துல யாராவது இருக்கீங்களா?

கீழே இருக்கிற உரையாடலை ஒரு தடவை படிச்சிடுங்க. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. தேனியில ஒரு காலேஜ் பையன், கம்பத்துல ஒரு திராட்சைத் தோட்டக்காரர். ரெண்டு பேர்கிட்டயும் ஆளுக்கொரு ரேடியோ. நடுவுல செல்போன் டவரும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. ஆட்கள் கற்பனை. நிஜத்துல யாருடைய கால்சைனோடயும் மோதிடக்கூடாதுன்னு கடைசி மூணு எழுத்தைத் தமிழ்ல வெச்சிருக்கேன். ஆனா பேசுற விதம் நிஜம்.

"சீக்யூ, சீக்யூ, சீக்யூ, ஃபார்ட்டி மீட்டர். திஸ் இஸ் விக்டர் யூனிஃபார்ம் த்ரீ கசட. ஸ்டேண்டிங் பை."

"வி.யு.3 கசட, இது வி.யு.2 தபற. காலை வணக்கம் ஓ.எம். உங்க ரிப்போர்ட் ஃபைவ் செவன், ஃபைவ் செவன். லேசா க்யூ.எஸ்.பி. இருக்கு. ஹேண்டில் முருகேசன், க்யூ.டி.எச். கம்பம், கிரிட் எம்.ஜே.89. காப்பி பண்ணீங்களா? ஓவர்."

"ராஜர் அண்ணே, முழுசா காப்பி. உங்களுக்கு ஃபைவ் நைன். ஹேண்டில் கார்த்தி, க்யூ.டி.எச். தேனி, கிரிட் எம்.கே.80. ரிக் ஹோம்ப்ரூ, க்யூ.ஆர்.பி., அஞ்சு வாட்தான். ஓவர்."

"அஞ்சு வாட்டா! எஃப்.பி., எஃப்.பி. தம்பி. இங்க 100 வாட், இன்வெர்ட்டட் வீ. சாயங்காலம் மழை வரும் போல, இப்பவே க்யூ.ஆர்.என். ஆரம்பிச்சிருச்சு. எக்ஸ்.ஒய்.எல். கூப்பிடுறாங்க, நான் க்யூ.ஆர்.டி. கார்டு அனுப்பிடறேன். 73."

"க்யூ.எஸ்.எல். அண்ணே. 73. வி.யு.3 கசட, க்ளியர்."

தமிழ் வார்த்தை மட்டும்தான் புரிஞ்சுதா? பரவாயில்லை. இந்த அஞ்சு பேச்சுக்குள்ள நூறு வருஷத்துக்கும் மேலான ரேடியோ வரலாறும், நம்ம நாலாவது செமஸ்டர் பாடம் கொஞ்சமும் ஒளிஞ்சிருக்கு. ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்ப்போம்.

விக்டர் யூனிஃபார்ம் த்ரீ

அமெச்சூர் ரேடியோங்கிறது காசுக்காக இல்லாம, ஆர்வத்துக்காக லைசன்ஸ் வாங்கி ரேடியோவுல பேசுறது. அப்படிப் பேசுறவங்க பேர் 'ஹாம்'. இதுக்கு மார்க்கோனி, ஹெர்ட்ஸ் பேரோட முதல் எழுத்தையெல்லாம் சேர்த்து ஒரு விரிவாக்கம் வாட்ஸ்அப்ல சுத்தும், நம்பாதீங்க. அந்தக் காலத் தந்தி ஆபீஸ்ல கை சரியா வராத ஆபரேட்டரைக் கிண்டல் பண்ற வார்த்தை அது. திட்டினதையே இவங்க எடுத்துப் பேரா வெச்சுக்கிட்டாங்க.

லைசன்ஸோட வர்றது கால்சைன். டி.என். 60னு நம்பர் பிளேட் பார்த்ததும் தேனி வண்டின்னு சொல்றோம்ல, அதே மாதிரிதான். வி.யு.ன்னு ஆரம்பிச்சா இந்தியா. வி.யு.2 ஜெனரல் கிரேடு, வி.யு.3 ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. வி.யு.4 வந்தா அந்தமான் நிக்கோபார், வி.யு.7 வந்தா லட்சத்தீவு. யாழ்ப்பாணத்துல இருந்தோ கொழும்புல இருந்தோ ஒருத்தர் பேசினா 4.எஸ்.7ன்னு கேட்கும். ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான், அவரோட கால்சைன் வி.யு.2.ஆர்.ஜி.

'விக்டர் யூனிஃபார்ம்'னு எதுக்கு நீட்டணும்? இரைச்சலுக்கு நடுவுல பி, டி, ஈ, வி எல்லாமே ஒரே 'ஈ' சத்தமாத்தான் காதுல விழும். அதனால ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முழு வார்த்தை. ஆல்ஃபா, பிராவோ, சார்லின்னு போற இந்தப் பட்டியல் 1956-ல விமானத் துறைக்காக இறுதி செய்யப்பட்டது. பாதி வார்த்தை இரைச்சல்ல போனாலும் மீதியை வெச்சு எழுத்தைக் கண்டுபிடிச்சிடலாம். டிஜிட்டல் கம்யூனிகேஷன்ல 'எர்ரர் கரெக்ஷன் கோடிங்'னு படிச்சோமே, அதோட வாய்மொழி வடிவம் இது.

சினிமா போலீஸ் சொல்ற 'ஓவர்'

சீக்யூன்னா 'கேட்கிற யாரா இருந்தாலும் சரி, பதில் சொல்லுங்க'ன்னு பொதுவா கூப்பிடுறது. தெருமுனையில நின்னு "யாருப்பா அங்க?"ன்னு குரல் கொடுக்கிற மாதிரி.

ஒரே ஃப்ரீக்வென்சியில ரெண்டு பேரும் மாறி மாறித்தான் பேச முடியும். ஒருத்தர் மைக் பட்டனை அமுக்கியிருக்கிற வரைக்கும் அவருக்கு எதிராளி பேசுறது கேட்காது. அதனால "நான் முடிச்சேன், இனி உங்க முறை"ன்னு சொல்ல ஒரு வார்த்தை வேணும். அதுதான் ஓவர். "பேச்சு முடிஞ்சுது, பதில் எதிர்பார்க்கலை"ங்கிறதுக்கு அவுட், இல்லைன்னா க்ளியர். அப்போ நம்ம படங்கள்ல இன்ஸ்பெக்டர் வாக்கி டாக்கியில கெத்தா சொல்ற "ஓவர் அண்ட் அவுட்" என்ன ஆச்சு? "நீங்க பேசுங்க, ஆனா நான் கேட்க மாட்டேன்"னு அர்த்தம் ஆச்சு!

ராஜரும் அப்படித்தான், நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிற வார்த்தை. பழைய எழுத்துப் பட்டியல்ல ஆர் எழுத்துக்கு 'ராஜர்'னு பேர். ஆர்ன்னா 'ரிசீவ்டு'. இப்போ ஆர் எழுத்து 'ரோமியோ' ஆயிடுச்சு, ஆனா ராஜர் அப்படியே தங்கிடுச்சு. அர்த்தம் "நீங்க சொன்னது முழுசா வந்து சேர்ந்துச்சு"ங்கிறது மட்டும்தான். "சரி", "ஒத்துக்கிறேன்", "செய்யறேன்"னு அதுக்கு அர்த்தம் கிடையாது. இந்த வித்தியாசம் ஒரு நாள் உயிர் விஷயமா மாறும். பின்னாடி வர்றேன்.

க்யூ வரிசை

க்யூ.டி.எச்., க்யூ.எஸ்.எல்., க்யூ.ஆர்.என். இதெல்லாம் சுருக்கெழுத்து கிடையாது. எந்த வார்த்தையோட முதல் எழுத்தும் இதுல இல்லை. 20-ம் நூற்றாண்டோட தொடக்கத்துல கப்பல்களுக்கும் கரை நிலையங்களுக்கும் நடுவுல மோர்ஸ்லதான் பேச்சு. ஜப்பான் கப்பல்ல இருக்கிற ஆபரேட்டருக்கு ஃபிரெஞ்சு தெரியாது, ஃபிரெஞ்சு ஆபரேட்டருக்கு ஜப்பானீஸ் தெரியாது. அதனால எந்த மொழிக்கும் சொந்தமில்லாத மூணெழுத்துக் குறியீடுகளை பிரிட்டிஷ்காரங்க தயார் பண்ணாங்க. 1912-ல லண்டன்ல நடந்த சர்வதேச ரேடியோ தந்தி மாநாட்டுக்கு அப்புறம் அது உலகம் முழுக்கப் போச்சு.

இதுல இருக்கிற அழகு என்னன்னா, பின்னாடி ஒரு கேள்விக்குறி போட்டா அதுவே கேள்வி. "க்யூ.டி.எச்.?"ன்னா "எங்க இருக்கீங்க?" "க்யூ.டி.எச். கம்பம்"னா "நான் கம்பத்துல இருக்கேன்." அடிக்கடி காதுல விழுறதை மட்டும் தர்றேன்:

க்யூ.எஸ்.ஓ.: ரெண்டு பேர் பேசிக்கிற ஒரு தொடர்பு.
க்யூ.எஸ்.எல்.: கிடைச்சுது, உறுதி செய்யறேன். பேசினதுக்கு ஆதாரமா அனுப்புற போஸ்ட் கார்டுக்கும் இதே பேர்தான்.
க்யூ.எஸ்.பி.: சிக்னல் ஏறி ஏறி இறங்குது.
க்யூ.எஸ்.ஒய்.: வேற ஃப்ரீக்வென்சிக்கு மாறுறேன்.
க்யூ.ஆர்.எம்.: மத்தவங்க சிக்னல் குறுக்க வருது.
க்யூ.ஆர்.என்.: மின்னல் மாதிரி இயற்கையால வர்ற கரகரப்பு.
க்யூ.ஆர்.எக்ஸ்.: கொஞ்சம் பொறுங்க.
க்யூ.ஆர்.டி.: செட்டை அணைக்கிறேன்.
க்யூ.ஆர்.இசட்.: யார் என்னைக் கூப்பிட்டது?

எம்முக்கும் என்னுக்கும் குழப்பிக்காம இருக்க ஹாம்கள் ஒரு குறுக்குவழி வெச்சிருக்காங்க: எம்ன்னா மனுஷன், என்ன்னா நேச்சர். முருகேசன் அண்ணன் காதுல கேட்ட கரகரப்பு மேகமலைப் பக்கம் எங்கேயோ வெட்டுற மின்னல். ஷார்ட்வேவ்ல மின்னல் சத்தம் ரொம்ப தூரத்துல இருந்தே வந்துடும், அதனால வானம் இருட்டறதுக்கு முன்னாடியே ஹாம்களுக்கு மழை வாசம் தெரிஞ்சிடும். கேட்டதும் ஆன்டெனா வயரைக் கழட்டி வைக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

இந்த வார்த்தைகள் ரேடியோவை விட்டு இறங்கி வீட்டுக்குள்ளயும் வந்துடும். "உங்க வீட்டு க்யூ.டி.எச். சொல்லுங்க"ன்னு ஒரு ஹாம் கேட்டா அட்ரஸ் கேட்கிறார். "இன்னைக்கு சீக்கிரம் க்யூ.ஆர்.டி."ன்னா தூங்கப் போறார்.

அஞ்சு வாட்டும் நூறு வாட்டும்

ஃபைவ் செவன், ஃபைவ் நைன் என்ன கணக்கு? முதல் எண் பேச்சு எவ்வளவு புரியுதுங்கிறது, 1 முதல் 5 வரை. ரெண்டாவது சிக்னல் பலம், 1 முதல் 9 வரை. மோர்ஸா இருந்தா தொனிக்கு மூணாவதா ஒரு எண் வரும்.

கார்த்திக்கு 57, முருகேசன் அண்ணனுக்கு 59. ஏன் இந்த ரெண்டு புள்ளி வித்தியாசம்? கணக்குப் போட்டுப் பாருங்க. ஒருத்தர் 5 வாட், இன்னொருத்தர் 100 வாட். விகிதம் 20. டெசிபல்ல 13. சிக்னல் மீட்டர்ல ஒரு எஸ் யூனிட்டுக்கு 6 டெசிபல்னு கணக்கு. 13-ஐ 6-ஆல வகுத்தா ரெண்டுக்குக் கொஞ்சம் மேல. போற பாதையும் வர்ற பாதையும் ஒண்ணுதாங்கிறதால வித்தியாசம் முழுக்க பவரால வந்தது. இருபது மடங்கு பவர் குறைச்சும் காதுக்கு ரெண்டே புள்ளிதான் நஷ்டம்! அதனாலதான் குறைஞ்ச பவர்ல பேசுற க்யூ.ஆர்.பி.க்கு உலகம் முழுக்க ஒரு தனி ரசிகர் கூட்டம். வழக்கமா 5 வாட்டும் அதுக்குக் கீழயும்தான் க்யூ.ஆர்.பி. 'எஃப்.பி.'ன்னா ஃபைன் பிசினஸ், நம்ம பாஷையில "சூப்பர் தம்பி".

ரிக்ன்னா ரேடியோ செட். ஹோம்ப்ரூன்னா வீட்டிலேயே சால்டர் பண்ணிக் கட்டினது. இதுல நாம காலரைத் தூக்கி விட்டுக்கிற ஒரு இந்தியப் பேர் இருக்கு: பிட்டெக்ஸ். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், கால்சைன் வி.யு.2.இ.எஸ்.இ., 2000-களோட தொடக்கத்துல வடிவமைச்ச டிரான்சீவர் இது. வெளிநாட்டு உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்காம, நம்ம ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையில கிடைக்கிற டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டரை வெச்சே கட்டணும்ங்கிறதுதான் அவரோட நிபந்தனை. காயில் சுத்த டோராய்டு கிடைக்கலையா, தண்ணிக் குழாய்க்குப் போடுற பிளாஸ்டிக் வாஷர்ல சுத்திக்கோங்கன்னு சொன்னார்! இன்னைக்கு உலகத்தோட பல மூலைகள்ல அந்த சர்க்யூட்டைக் கட்டுறாங்க.

மலையைத் தாண்ட மேல பாரு

இப்போ நம்ம ஊருக்கே உரிய கேள்வி. தேனிக்கும் கம்பத்துக்கும் நேர்கோட்டுல 40 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. அதுக்கு எதுக்கு 40 மீட்டர் பேண்ட்? கையில வெச்சிக்கிற ஹேண்டி செட்ல, அதாவது 144-146 மெகாஹெர்ட்ஸ் இருக்கிற 2 மீட்டர் பேண்ட்ல பேசக்கூடாதா?

வி.ஹெச்.எஃப். கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி, நேர்கோட்டுலதான் போகும். ஆன்டெனா உயரத்தை மீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 4.12-ஆல பெருக்கினா ரேடியோ அடிவானம் எத்தனை கிலோமீட்டர்னு வரும். தரையில நிக்கிற ஆள் கையில 2 மீட்டர் உயரம்னா சுமார் 6 கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் சேர்த்து 12. தேனியில இருந்து வீரபாண்டி வரைக்கும் போகும், கம்பத்துக்குக் காணாது. அதுக்கு முன்னாடியே கட்டடம், தென்னந்தோப்பு எல்லாம் குறுக்க வந்துடும்.

அதே ஃபார்முலாவைக் கொடைக்கானலுக்குப் போடுங்க. உயரம் சுமார் 2,100 மீட்டர், அடிவானம் 188 கிலோமீட்டர் பக்கம்! 100.5-ல வர்ற கோடை பண்பலை பெரியகுளம் வயல்லயும் கேட்குது, மதுரை டீக்கடையிலயும் கேட்குதுன்னா ரகசியம் அந்த உயரம்தான். மலை மேல ஒரு செட்டை வெச்சு, கீழ இருந்து வர்றதை வாங்கி மறுபடி அனுப்ப வெச்சா அதுக்குப் பேர் ரிப்பீட்டர். ஒண்ணும் பேசாம சும்மா பட்டனை அமுக்கி ரிப்பீட்டர் உசிரோட இருக்கான்னு பார்த்துட்டுப் போறவங்க உண்டு. அந்த 'க்ளக்' சத்தத்துக்கு ஹாம் மொழியில 'கெர்ச்சங்க்'. நல்ல பழக்கம் இல்லைன்னு திட்டு விழும்.

ரிப்பீட்டரும் இல்லைன்னா? அப்போதான் 40 மீட்டர். சுமார் 7 மெகாஹெர்ட்ஸ் அலையை நேரா வானத்துக்கு அனுப்பினா, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற அயனி மண்டலத்தோட எஃப் அடுக்குல பட்டுத் திரும்பிக் கீழ கொட்டும். தோட்டத்துல ஹோஸை மேல் நோக்கிப் பிடிச்சா தண்ணி சுத்திலும் விழும்ல, அந்த மாதிரி. மலை எவ்வளவு உயரமா நின்னாலும் கவலையே இல்லை, சிக்னல் அதுக்கு மேல இருந்து இறங்குது. தேனியில இருந்து கம்பத்துக்குப் போக அது நடக்கிற தூரம் மொத்தம் 600 கிலோமீட்டர், எடுத்துக்கிற நேரம் 2 மில்லிசெகண்ட். மேற்கையும் கிழக்கையும் மலை அடைச்சு நிக்கிற நம்ம பள்ளத்தாக்குக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு வழி.

ஆன்டெனாவும் பெருசா ஒண்ணும் இல்லை. 143-ஐ ஃப்ரீக்வென்சியால வகுத்தா டைபோல் நீளம் மீட்டர்ல வரும். 7.1-க்கு சுமார் 20 மீட்டர் ஒயர். ரெண்டு தென்னை மரம் போதும். நடுவுல ஒரு கம்பு நட்டு, ரெண்டு முனையையும் கீழ இறக்கிக் கட்டினா அதுதான் அண்ணன் சொன்ன இன்வெர்ட்டட் வீ. தாழ்வாக் கட்டினா சிக்னல் மேல் நோக்கியே போகும்ங்கிறதால, தூர தேசம் பேச ஆசைப்படுறவங்க இதை 'கிளவுட் வார்மர்', மேகத்துக்குச் சூடு போடுற ஆன்டெனான்னு கிண்டல் பண்ணுவாங்க. போடி மெட்டுக்கு அந்தப் பக்கமும் வருசநாட்டுப் பக்கமும் பேச நினைக்கிறவங்களுக்கு அந்தக் கிண்டல்தான் வரம்.

ராத்திரி ஆக ஆக அயனி மண்டலம் பலவீனமாகும். நேரா மேல போன 7 மெகாஹெர்ட்ஸ் திரும்பாம விண்வெளிக்கே போயிடும், சாய்வாப் போனது மட்டும் தூரத்துல இறங்கும். கம்பம் காணாமப் போய் டெல்லி வந்து உட்காரும். இதைத்தான் "பேண்ட் லாங் ஆயிடுச்சு"ன்னு சொல்லுவாங்க. அயனி மண்டலத்தோட பலம் சூரியப் புள்ளிகளைப் பொறுத்தது, சுமார் 11 வருஷச் சுழற்சி. அந்தப் புள்ளிகளை 1899-ல தொடங்கின கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு வருஷத்துக்கும் மேல படம் பிடிச்சிட்டு இருக்கு. மலை மேல சூரியனைப் பார்க்கிறவங்களும் கீழ தென்னை மரத்துல ஒயர் கட்டுறவங்களும் ஒரே விஷயத்தைத்தான் ரெண்டு முனையில இருந்து பிடிச்சிருக்காங்க.

தேனி வேற கட்டம், கம்பம் வேற கட்டம்

எம்.கே.80, எம்.ஜே.89 ரெண்டும் கிரிட் எண். பூமியை 2 டிகிரி அகலம், 1 டிகிரி உயரம் உள்ள கட்டங்களாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் நாலு எழுத்துல பேர். இதுல நமக்கு ஒரு சுவாரசியம் இருக்கு. 10 டிகிரி அட்சக்கோடு தேனி டவுனுக்குக் கொஞ்சம் தெற்கே போகுது. அதனால தேனி, போடி, பெரியகுளம், கொடைக்கானல், பழனி எல்லாம் எம்.கே.80. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எல்லாம் எம்.ஜே.89. அதே கட்டத்துல கொச்சியும் வருது! மதுரை இந்த ரெண்டுலயும் சேராது, அது எம்.ஜே.99. கட்டம் சேகரிக்கிற ஹாம்கள் உலகம் முழுக்க இருக்காங்க. தேனியில ஒரு தொடர்பு போட்டுட்டு, டவுன் பஸ் ஏறி வீரபாண்டியில இறங்கினா அவங்களுக்குப் புதுக் கட்டம்.

அண்ணே, ஓ.எம்., எக்ஸ்.ஒய்.எல்.

ஓ.எம்.ன்னா ஓல்டு மேன். பதினஞ்சு வயசுப் பையனும் ஓ.எம்.தான். முகம் தெரியாத ஆளுக்கு வயசு கேட்காம மரியாதை கொடுக்க ஒரு சொல், நம்ம ஊர் 'அண்ணே' மாதிரி. பெண் ஆபரேட்டர் ஒய்.எல்., யங் லேடி. எண்பது வயசுப் பாட்டியும் ஒய்.எல்.தான். மனைவி எக்ஸ்.ஒய்.எல்., அதாவது முன்னாள் யங் லேடி. ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருந்த காலத்துல உருவான வார்த்தைன்னு இதுலயே தெரியுது. இன்னைக்கு நிறைய பேருக்கு இது பிடிக்கிறதும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிடலாம், தப்பே இல்லை.

73-ன்னா 'அன்பான வணக்கங்கள்'. 19-ம் நூற்றாண்டுத் தந்தி ஆபரேட்டர்கள் அடிக்கடி அனுப்புற வாக்கியங்களுக்கு எண் கொடுத்தாங்க, அதுல தப்பிப் பிழைச்ச ஒண்ணு இது. மோர்ஸ்ல அடிச்சுப் பாருங்க: டா டா டிட் டிட் டிட், டிட் டிட் டிட் டா டா. 'விகடகவி' மாதிரி பின்னாடியில இருந்து வாசிச்சாலும் அதேதான். 88-ன்னா முத்தங்கள். அதை யாருக்கு அனுப்பறோம்னு பார்த்து அனுப்பணும்.

கடைசியா ஒரு வார்த்தை: சைலன்ட் கீ. ஒரு ஹாம் இறந்துட்டா "காலமானார்"னு சொல்ல மாட்டாங்க. அவர் சைலன்ட் கீ ஆயிட்டார்னு சொல்லுவாங்க. மோர்ஸ் அடிக்கிற கீ மௌனம் ஆயிடுச்சு. இத்தனை கேலி வார்த்தை கண்டுபிடிச்ச கூட்டம் சாவுக்கு மட்டும் இவ்வளவு மென்மையா ஒரு சொல் வெச்சிருக்கு.

பைல்அப் நின்ன நாள்

டி.எக்ஸ்.ன்னா தூர தேசம். ஹாம்களே இல்லாத அபூர்வ இடத்துக்குப் போய் ரேடியோ போடுறது டி.எக்ஸ்.பெடிஷன். அப்படிப்பட்ட இடத்துல இருந்து ஒரு குரல் கேட்டா உலகமே ஒரே நேரத்துல மேல விழுந்து கூப்பிடும், அந்த நெரிசல் பைல்அப்.

2004 டிசம்பர்ல அந்தமான்ல அப்படி ஒரு டி.எக்ஸ்.பெடிஷன் நடந்துச்சு. பல வருஷமா அங்க அமெச்சூர் ரேடியோ இல்லாததால உலக ஹாம்கள் ஏங்கிட்டு இருந்த இடம். போர்ட் பிளேர் போன குழுவுக்குத் தலைமை டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத், வி.யு.2.ஆர்.பி.ஐ. அந்தமான்ல அவங்க கால்சைன் வி.யு.4.ஆர்.பி.ஐ. ஹைதராபாத்ல இருக்கிற தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் இதை ஒருங்கிணைச்சது.

டிசம்பர் 26 காலை 6.29-க்கு சுமத்ரா பக்கம் கடலடியில நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து சுனாமி. அந்தமான்ல கரண்ட் போச்சு, டெலிபோன் போச்சு. பைல்அப் நின்னது. பொழுதுபோக்குக்காகக் கொண்டு போன அதே செட்டுகள் அவசரகால நிலையமா மாறிச்சு. யார் உயிரோட இருக்காங்க, யாரைக் காணோம், எங்க என்ன வேணும்ங்கிற செய்திகள் தீவுல இருந்து தாய்நாட்டுக்குப் போக அந்த ஒயரும் அந்த மைக்கும் வழியாச்சு.

'ராஜர்' விஷயத்துக்கு இப்போ வருவோம். அவசர நேரத்துல எல்லாரும் ஒரே ஃப்ரீக்வென்சியில கூடுறதுக்குப் பேர் நெட். யார் எப்போ பேசணும்னு சொல்றவர் நெட் கன்ட்ரோல். அனுப்ப வேண்டிய செய்தி டிராஃபிக். ஒருத்தரோட பேர், ஊர், "நலம்" என்ற சொல், அதை எழுத்தெழுத்தா அனுப்பி, எதிர்ப்பக்கம் எழுதி, திருப்பி வாசிச்சு, சரிபார்த்த பிறகுதான் க்யூ.எஸ்.எல். பாதி கேட்டுட்டு ராஜர் சொன்னா, ஒரு அம்மாவுக்கு வேற ஒருத்தர் மகனோட செய்தி போய்ச் சேரும். இந்த மொழி ஏன் இவ்வளவு பிடிவாதமா இருக்குன்னு கேட்டா, பதில் இதுதான்.

நம்ம பக்கம் கடல் இல்லை. ஆனா வடகிழக்குப் பருவமழையில போடி மெட்டு ரோட்டுல மண் சரியறது நமக்குப் புதுசு இல்லை. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயை நாம மறக்கவும் முடியாது. ரேடியோ இருந்திருந்தா எல்லாரும் பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரலை, அப்படிச் சொல்றது நேர்மையும் இல்லை. டவர் எட்டாத மலைகள் நம்மைச் சுத்தி நிறைய இருக்கு, டவருக்கும் கரண்ட்டும் கேபிளும் வேணும்ங்கிறது மட்டும்தான் என் பாயின்ட்.

துண்டுக்குள்ள பேசாத மொழி

மாட்டுச் சந்தையில தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுறதைக் கேள்விப்பட்டிருப்பீங்க. பக்கத்துல நிக்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது, அதுக்குத்தான் அந்தக் குறிமொழி. பெரும்பாலான தொழில் பாஷைக்கு இந்தக் குணம் உண்டு. ஹாம் பாஷை நேர் எதிர். க்யூ கோடோட முழுப் பட்டியலும் வெளிப்படையாக் கிடைக்கும். செய்தியை மறைக்கிற ரகசியக் குறியீட்டுல பேச அமெச்சூர்களுக்கு அனுமதி கிடையாது. வியாபாரமும் பேசக்கூடாது, பாட்டும் போடக்கூடாது. இந்த வார்த்தைகள் எல்லாமே முன்பின் தெரியாத ஒருத்தருக்குப் புரிய வைக்கிறதுக்காக உருவானது.

உள்ள வர்றதுக்கு என்ன செய்யணும்? 12 வயசு ஆகியிருந்தா போதும். மத்திய தொலைத்தொடர்புத் துறையோட டபிள்யூ.பி.சி. பிரிவு ஏ.எஸ்.ஓ.சி.ன்னு ஒரு தேர்வு நடத்துது, சரள் சஞ்சார் தளத்துல விண்ணப்பிக்கலாம். அடிப்படை எலக்ட்ரானிக்ஸ், ரேடியோ தியரி, விதிமுறைகள் அவ்வளவுதான். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டாம், ஜெனரலுக்கு வேணும். ஈ.சி.இ. படிக்கிறவங்களுக்குப் பாதி சிலபஸ் ஏற்கெனவே முடிஞ்சது. மெக்கானிக்கல், சிவில் நண்பர்களே, ஓம்ஸ் லா ஞாபகம் இருந்தா உங்களாலயும் முடியும்.

ஒரு எச்சரிக்கை: ஆன்லைன்ல மலிவா ஹேண்டி செட் கிடைக்குதுன்னு லைசன்ஸ் இல்லாம வாங்கி ஹாஸ்டல்ல பேசிப் பார்க்காதீங்க. அது சட்டப்படி குற்றம். அதுக்குப் பதிலா இன்னைக்கு ராத்திரியே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. வெப்.எஸ்.டி.ஆர். தளங்கள்ல உலகத்தோட பல மூலையில இருக்கிற ரிசீவர்களை பிரவுசர்லயே திருப்பலாம். 7.000-ல இருந்து 7.200 வரைக்கும் மெதுவா நகர்த்திக் கேளுங்க. முதல் பத்து நிமிஷம் வெறும் கரகரப்புதான். அப்புறம் எங்கேயோ ஒருத்தர் "சீக்யூ"ன்னு கூப்பிடுவார். அதுக்கப்புறம் க்யூ.டி.எச். எதுன்னு உங்க காது தானாவே தேட ஆரம்பிச்சிடும்.

கத்துக் கொடுக்கிற சீனியருக்கு ஹாம் மொழியில 'எல்மர்'னு பேர். ஒரு அமெரிக்க ஹாமோட நிஜப் பேர் அது, 1971-ல ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாப் பொதுச்சொல் ஆச்சு. லைசன்ஸ் வாங்கினதும் முதல் வேலையா பக்கத்துல ஒரு எல்மரைத் தேடிப் பிடிங்க. அவர் கீ மௌனம் ஆகிறதுக்கு முன்னாடி அவர்கிட்ட இருக்கிறதை யாராவது வாங்கிக்கணும்ல?

73.